பெரிய வண்டிக்கு மேப் போடுவது எப்படி? ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தடம்

டிரெய்லரோ கன்டெய்னர் லாரியோ ஓட்டிக்கொண்டு முதல் தடவையாக ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் லோடு கொண்டுவருபவருக்காக இந்த அத்தியாயம். வேனைக் கேரவனாக மாற்றிக் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பயன்படும். வண்டியின் உயரம், நீளம், திரும்புவதற்கு வேண்டிய இடம் ஆகிய மூன்றும் இரு தரப்புக்கும் பொதுவான கவலைகள்.

கூகுள் மேப்பில் கார் உண்டு, பைக் உண்டு, பஸ், ரயில், நடை எல்லாம் உண்டு. லாரி கிடையாது. உங்கள் முதுகுக்குப் பின்னால் 40 அடி கன்டெய்னர் வருவது அதற்குத் தெரியவே தெரியாது. ஒரு காருக்குச் சொல்லும் வழியைத்தான் உங்களுக்கும் சொல்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் லாரிக்கும் வீட்டு வண்டிக்கும் என்றே தனி வழிகாட்டிக் கருவிகள் விற்பனையில் இருக்கின்றன. கார்மின் போன்ற நிறுவனங்கள் செய்யும் அந்தக் கருவிகளில் வண்டியின் உயரம், அகலம், நீளம், எடையைக் கொடுத்துவிட்டால், வரைபடத்தில் பதிவாகியிருக்கும் தாழ்ந்த பாலங்களையும் எடைத் தடை உள்ள சாலைகளையும் ஒதுக்கி வழி போடும். நம் ஓட்டுநர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் கைபேசி மட்டுமே. ஆகவே அந்தக் கருவி செய்யும் வேலையை, சாவி போடுவதற்கு முன் நீங்களே உட்கார்ந்து செய்ய வேண்டும். எந்தச் சாலை என்று முடிவெடுப்பது நீங்கள். திருப்பம் நெருங்கும்போது நினைவூட்டுவது மட்டும்தான் மேப்பின் வேலை. அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தைத்தான் செய்யப் பழகப்போகிறோம்.

வண்டியில் முதலாளி மாட்டிவைத்திருக்கும் ஜி.பி.எஸ். பெட்டியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதை அது முதலாளிக்குச் சொல்லும். உங்களுக்கு வழி சொல்லாது.

முதல் வேலை: வண்டியை அளப்பது

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். தரையிலிருந்து வண்டியின் ஆக உயர்ந்த புள்ளிவரை டேப் பிடித்து அளங்கள். ஆக உயர்ந்த புள்ளி எப்போதும் கன்டெய்னராக இருக்காது. தார்ப்பாய் முடிச்சு, கேரியரில் கட்டிய ஸ்டெப்னி, கேரவன் என்றால் கூரை மேலிருக்கும் ஏ.சி. பெட்டி என எதுவாகவும் இருக்கலாம்.

2. லோடோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை அளங்கள். லோடு இறக்கியதும் ஸ்பிரிங் எழும்பி, வண்டி உயர்ந்து நிற்கும். வரும்போது இடிக்காமல் நுழைந்த இடத்தில் திரும்பும்போது இடிப்பது இதனால்தான்.

3. கன்டெய்னர் எந்த வகை என்று கேளுங்கள். சாதாரணக் கன்டெய்னரின் உயரம் 8 அடி 6 அங்குலம், அதாவது சுமார் 2.6 மீட்டர். ஹை கியூப் என்றால் 9 அடி 6 அங்குலம், சுமார் 2.9 மீட்டர். டிரெய்லர் தளம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முதல் வகை 4.1 மீட்டரைத் தொடும்; இரண்டாம் வகை 4.4 மீட்டரைத் தொடும். நேற்று போன வழியில் இன்று போக முடியாமல் ஆவதற்கு இந்த ஒரு அடி போதும்.

4. வந்த அளவோடு அரை அடி கூட்டி, மீட்டரிலும் அடியிலும் எழுதி, ஸ்டீயரிங்குக்கு முன்னால் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். ஒரு தடவை புதுத் தார் போட்டாலே பாலத்துக்குக் கீழே உள்ள இடைவெளி குறைந்துவிடும். போர்டில் பழைய எண்ணே இருக்கும். அரை அடி கூட்டச் சொல்வது அதற்காகத்தான்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில அளவுகள்: தேசிய நெடுஞ்சாலைகளில் பெரிய வண்டிகளுக்கென்று கட்டப்படும் சுரங்கவழிகளின் உயரம் 5.5 மீட்டர். ஆனால் அதே நெடுஞ்சாலையில் சிறு வண்டிகளுக்காக 4 மீட்டரிலும் அதற்குக் குறைவாகவும் கட்டிய வழிகள் உண்டு. மின்சார ரயில்பாதையின் லெவல் கிராசிங்கில் இரு பக்கமும் நிற்கும் உயரக் கம்பி பொதுவாக 4.67 மீட்டரில் இருக்கும். கார் இவை எல்லாவற்றிலும் நுழைந்துவிடும். மேப்புக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். உங்களுக்குப் போதாது.

இரண்டாவது வேலை: எந்த ஒரகடம்?

இந்தத் தடத்துக்கு வரும் புதியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

தேடும் கட்டத்தில் ‘ஒரகடம்’ என்று மட்டும் அடித்துப் பாருங்கள். தொழிற்சாலைகள் இருக்கும் ஒரகடமும் வரும். சென்னை அம்பத்தூரில் உள்ள ஒரகடமும் வரும். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்திலும் ஒரு ஒரகடம் இருக்கிறது. ஊர்ப் பெயருக்குக் கீழே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அவசரத்தில் அதைப் படிக்காமல் முதலில் வந்த பெயரைத் தொட்டுவிட்டால், டிரெய்லரோடு அம்பத்தூர் குடியிருப்புத் தெருக்களில் போய் நிற்பீர்கள். அங்கே திருப்ப இடம் கிடையாது. பகலில் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உள்ள சென்னை மாநகர எல்லைக்குள் மாட்டிக்கொண்டதும் ஆகும்.

ஒரகடம் மட்டும் இப்படி இல்லை. ஸ்ரீபெரும்புதூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி ஒரு மாம்பாக்கம் உண்டு. வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் இன்னொரு மாம்பாக்கம் உண்டு. ஒரகடத்துக்குப் பக்கத்தில் மாத்தூர். வடசென்னையில் மணலிக்குப் பக்கத்திலும் மாத்தூர். ஸ்ரீபெரும்புதூர் டோல்கேட் இருக்கும் நெமிலி வேறு, ராணிப்பேட்டை மாவட்டத்து நெமிலி வேறு.

‘சிப்காட்’ என்று மட்டும் சொன்னாலும் பயனில்லை. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் எல்லாமே சிப்காட்தான். கம்பெனிப் பெயரை மட்டும் வைத்தும் தேட முடியாது. ராயல் என்ஃபீல்டுக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை, வல்லம் வடகாலில் ஒன்று, திருவொற்றியூரில் ஒன்று இருக்கின்றன. உதிரி பாகம் எந்த ஆலைக்குப் போக வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கும் காகிதத்தில்தான் இருக்கும்.

சரியான இடத்தைப் பிடிக்க இப்படிச் செய்யுங்கள்:

1. இ-வே பில்லில் சரக்கு சேர வேண்டிய முகவரியின் பின்கோடைப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் பகுதிக்கு 602105. அம்பத்தூருக்கு 600053. முதல் மூன்று எண்கள் 600 என்றிருந்தால் அது சென்னை. உடனே நிறுத்தி விசாரியுங்கள்.

2. சரக்கு வாங்கும் கம்பெனியின் ஸ்டோர்ஸுக்கோ செக்யூரிட்டிக்கோ போன் போட்டு, வாட்ஸ்அப்பில் லொக்கேஷன் அனுப்பச் சொல்லுங்கள். ‘கம்பெனி லொக்கேஷன்’ என்று கேட்காதீர்கள்; ‘லோடு வண்டி உள்ளே வரும் கேட் லொக்கேஷன்’ என்று கேளுங்கள். பெரிய ஆலைகளில் ஆட்கள் நுழையும் கேட் ஒரு சாலையில் இருக்கும். சரக்கு வண்டி கேட் சுற்றிக்கொண்டு வேறு சாலையில் இருக்கும்.

3. அனுப்பியவர் அப்போது எங்கே இருந்தார் என்றும் கேளுங்கள். வீட்டிலிருந்தபடி ‘கரன்ட் லொக்கேஷன்’ அனுப்பிவிட்டால் அவருடைய வீட்டு வாசலுக்குத்தான் போவீர்கள்.

4. வந்த குறியை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் தெரியும். முதல் எண் 12.8 என்று தொடங்கினால் நம்முடைய ஒரகடம். 13.1 என்று தொடங்கினால் அம்பத்தூர். பெயரும் போர்டும் ஏமாற்றினாலும் இந்த எண் ஏமாற்றாது.

5. குறி சாலையின் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் தடுப்பு உள்ள சாலையில் குறி எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால், மேப் உங்களைக் கொஞ்ச தூரம் தள்ளி யூ டர்ன் அடிக்கச் சொல்லும். காருக்கு அது ஒரு நிமிட வேலை. 40 அடி டிரெய்லருக்கு அந்த இடைவெளி போதுமா என்பதைப் புறப்படும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

குறிப்பு: சாதாரணச் சரக்குக்கு இ-வே பில் 200 கி.மீ.க்கு ஒரு நாள் கணக்கில்தான் செல்லும். தவறான ஊருக்குப் போய்த் திரும்பும் நேரத்தையும் அதே கணக்குதான் விழுங்கும்.

மூன்றாவது வேலை: பெரிய சாலைகளை மனதில் போட்டுக்கொள்வது

இந்தப் பகுதியில் பெரிய வண்டிக்குத் தெரிய வேண்டிய சாலைகள் நான்குதான்.

சென்னையிலிருந்து பூந்தமல்லி, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாக பெங்களூர் போகும் என்.எச். 48 முதலாவது. பழைய ஓட்டுநர்கள் இன்னும் என்.எச். 4 என்றே சொல்வார்கள். வண்டலூரிலிருந்து படப்பை, ஒரகடம் வழியாக வாலாஜாபாத் போகும் சாலை இரண்டாவது. ஜி.எஸ்.டி. சாலையில் சிங்கபெருமாள் கோயிலில் பிரிந்து, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொட்டுத் திருவள்ளூர் போகும் சாலை மூன்றாவது. வண்டலூரிலிருந்து நசரத்பேட்டை, நெமிலிச்சேரி வழியாக மீஞ்சூர் வரை சுமார் 62 கி.மீ. ஓடும் வெளிவட்டச் சாலை நான்காவது. இரண்டாவதும் மூன்றாவதும் சந்திக்கும் இடம்தான் ஒரகடம் சந்திப்பு.

இந்த நான்கையும் ஒரு வெள்ளைத் தாளில் கையால் வரைந்து பாருங்கள். நெட்வொர்க் இல்லாத இடத்திலும் அந்தத் தாள் உதவும். மேப் கொடுக்கும் எந்த வழியானாலும், கடைசிச் சில கிலோமீட்டர் தவிர மற்றதெல்லாம் இந்த நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அதைக் காருக்கான வழி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டாக, எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்து ஒரகடத்துக்குக் காலிக் கன்டெய்னர் கொண்டுவருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

1. தொடக்கமும் முடிவும் கொடுத்து வழி கேளுங்கள். இரண்டு மூன்று கோடுகள் வரும். நீலக் கோடு ‘வேகமான வழி’. அதை உடனே தொட்டுவிடாமல் எல்லாக் கோடுகளையும் பாருங்கள்.

2. மீஞ்சூரில் வெளிவட்டச் சாலை ஏறிய பிறகு உங்களுக்கு இரண்டு தேர்வுகள் உண்டு. நசரத்பேட்டையில் இறங்கி என்.எச். 48 பிடித்து, ஸ்ரீபெரும்புதூர் போய், அங்கிருந்து ஒரகடம் வரலாம். அல்லது வெளிவட்டச் சாலையிலேயே தென்கோடிவரை வந்து, மண்ணிவாக்கம் பக்கம் வாலாஜாபாத் சாலையைப் பிடித்து, படப்பை வழியாக வரலாம். இரண்டாவதில் படப்பை கடைவீதி நெரிசல் உண்டு. முதலாவதில் ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரத்தில் கம்பெனி பஸ்கள் ஷிப்ட் மாறும் நேரத்தில் வரிசை கட்டும். ஆலைக்கு எத்தனை மணிக்குச் சேர வேண்டும் என்பதைப் பார்த்து ஒன்றை முடிவு செய்யுங்கள்.

3. முடிவு செய்த வழியை மேப்புக்குள் பூட்டுங்கள். ‘ஸ்டாப்’ சேர்க்கும் வசதியில், நீங்கள் கண்டிப்பாகத் தொட வேண்டிய இடங்களை இடைநிறுத்தங்களாகக் கொடுங்கள்: வெளிவட்டச் சாலையின் நடுவில் ஒரு புள்ளி, என்.எச். 48-இல் ஒரு புள்ளி, ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் ஒரு புள்ளி. இப்படி ஆணி அடித்துவிட்டால், நடுவில் எவ்வளவு நெரிசல் வந்தாலும் மேப் உங்களைச் சோமங்கலம், மணிமங்கலம் பக்கக் கிராமச் சாலைகளுக்குப் பெரும்பாலும் இழுக்காது. புள்ளியைச் சாலையின் சரியான பக்கத்தில் வையுங்கள். எதிர்ப்பக்கம் வைத்தால் யூ டர்ன் தொல்லை இங்கேயும் வரும்.

4. சாட்டிலைட் படத்துக்கு மாற்றி, கடைசி ஐந்து கிலோமீட்டரை விரலால் தடவிப் பாருங்கள். சாலையில் வேறு லாரிகள் தெரிகின்றனவா? ஒரு பக்கம் தண்ணீரும் மறு பக்கம் வயலுமாக நடுவில் மெல்லிய கோடு ஓடினால் அது ஏரிக்கரை. இந்தப் பகுதியில் ஏரிகள் அதிகம். கரைமேல் போடப்பட்ட சாலைகளும் அதிகம். எதிரே ஒரு டிராக்டர் வந்தாலே ஒதுங்க முடியாது. மழைக்காலத்தில் கரையோரம் டிரெய்லரின் எடையைத் தாங்கும் என்று நம்பவும் முடியாது. ஏரிக்கரை வழி எவ்வளவு சுருக்கமாக இருந்தாலும் வேண்டாம்.

5. சப்வே, சுரங்கப்பாலம், லெவல் கிராசிங் ஒவ்வொன்றையும் வீதிப் படம் (ஸ்ட்ரீட் வியூ) இருந்தால் திறந்து, உயரப் போர்டில் உள்ள எண்ணைப் படியுங்கள். ஒட்டிவைத்த உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள். சிங்கபெருமாள் கோயில் பக்கமிருந்து வருபவர்கள் ரயில்பாதையைக் கடந்தாக வேண்டும். அந்த இடத்தை முன்கூட்டியே பாருங்கள்.

6. கடைசியாக, அந்தத் தடத்தில் ஓடும் ஒரு ஓட்டுநருக்கு ஒரு போன். ‘அண்ணே, 40 அடி ஹை கியூப் போகுமா?’ என்று இதே சொற்களில் கேளுங்கள். ‘வண்டி போகுமா?’ என்று மட்டும் கேட்டால் ‘போகும்’ என்றுதான் பதில் வரும். அவர் நினைப்பது எந்த வண்டியோ!

‘வேகமான வழி’யை யோசிக்காமல் தொட்டவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2024 ஜனவரி கடைசியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில், மேப் காட்டிய வேகமான வழியில் போன கர்நாடகச் சுற்றுலாப் பயணிகளின் எஸ்.யூ.வி. குடியிருப்புக்கு நடுவே படிக்கட்டுகளில் இறங்கி மாட்டிக்கொண்டது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசம் பரேலிக்குப் பக்கத்தில், வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்ட பாலத்தில் மேப்பை நம்பி ஏறிய கார் ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அங்கே போதிய தடுப்பு வைக்காமல் விட்டது பெரும் குற்றம். என்றாலும் மூன்று உயிர் போய்விட்டது. இரண்டுமே கார்கள், நின்ற இடத்தில் திரும்பக்கூடிய வண்டிகள்.

2024 ஜூலையில் கூகுள் நிறுவனம் சென்னை உள்ளிட்ட 8 நகரங்களில் குறுகிய சாலைகளைத் தவிர்க்கும் வசதியை அறிமுகம் செய்தது. நல்ல வசதிதான். ஆனால் அதன் கணக்கில் ‘குறுகியது’ என்பது காருக்குக் குறுகியது.

நான்காவது வேலை: கைபேசியைத் தயார் செய்வது

1. கனரக லாரிகளின் பேட்டரி அமைப்பு 24 வோல்ட். காருக்கு விற்கும் 12 வோல்ட் சார்ஜரைச் செருகினால் சார்ஜர் போகும். சில சமயம் போனும் போகும். அட்டையில் ‘12–24 வோல்ட்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

2. ஹோல்டரைக் கண்ணாடியின் நடுவில் மாட்டாதீர்கள். முன்னால் நடந்து போகும் ஆளை மறைக்காதபடி ஓரத்தில், டாஷ்போர்டை ஒட்டித் தாழ்வாக மாட்டுங்கள். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் அசைத்துப் பார்க்க முடிய வேண்டும். நேர் வெயில் படும் இடம் வேண்டாம். சூடேறிய போன் பாதி வழியில் திரையை அணைத்துவிடும்.

3. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர், சென்னைப் பகுதிகளின் மேப்பை வைஃபை இருக்கும்போதே ஆஃப்லைனில் இறக்கிவையுங்கள். ஆஃப்லைனில் நெரிசல் தெரியாது, சாலை தெரியும்.

4. ‘டோல் தவிர்’ தேர்வு அணைந்திருக்கட்டும். டோல்கேட்டைத் தவிர்க்கும் வழி பெரும்பாலும் ஊருக்குள் போகும் வழி. எரிபொருள் சிக்கன வழிக்கு முன்னுரிமை தரும் தேர்வையும் அணையுங்கள்.

5. குரலைத் தமிழுக்கு மாற்றி, சத்தத்தைக் கூட்டி வையுங்கள். திரையைப் பார்த்து ஓட்டுவதைவிடக் காதால் கேட்டு ஓட்டுவது எவ்வளவோ பாதுகாப்பு.

சட்டம்: 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், வழி பார்ப்பதற்கு மட்டும், ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில், கைபேசியைப் பயன்படுத்த இடம் தருகிறது. கையில் பிடித்துப் பேசுவதும் தட்டுவதும் அதில் சேராது. ஓட்டிக்கொண்டிருக்கும்போது முகவரி அடிக்கக் கூடாது. கிளீனர் இருந்தால் போன் அவர் பொறுப்பு; தனியாக வருபவர் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அடிக்க வேண்டும்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை

மேலேயா கீழேயா: திறந்த வெளியில் கைபேசி ஜி.பி.எஸ். உங்கள் இடத்தைச் சுமார் 5 மீட்டர் துல்லியத்தில்தான் காட்டும். மேம்பாலமும் அதை ஒட்டிய சர்வீஸ் ரோடும் அதற்குள் அடங்கிவிடும். நீங்கள் மேம்பாலத்தின் மேல் போகும்போது கீழே போவதாக நினைத்துக்கொண்டு ‘இடது பக்கம் திரும்பவும்’ என்று சொல்லும். ஒரகடம் சந்திப்பிலும் என்.எச். 48 மேம்பாலங்களிலும் இது நடக்கும். ஆகவே மேம்பாலம் வருவதற்கு அரை கிலோமீட்டர் முன்பே, மேலே போவதா கீழே இறங்குவதா என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் போர்டைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள்.

வழி மாற்றச் சொல்லும்போது: ‘10 நிமிடம் குறையும் வழி இருக்கிறது’ என்று திரையில் வந்தால் மறுத்துவிடுங்கள். நெரிசலில் நின்றால் டீசலும் நேரமும்தான் போகும். தெரியாத தெருவில் மாட்டினால் வண்டியே போகும்.

புதுச் சாலைகள்: இந்தத் தடத்தில் மேப் அடிக்கடி பின்தங்கும். எண்ணூரிலிருந்து திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், சிங்கபெருமாள் கோயில் வழியாக மாமல்லபுரம் பக்கம் போகும் சென்னை எல்லைச் சாலை சுமார் 133 கி.மீ.க்குத் திட்டமிடப்பட்டு, பகுதி பகுதியாக நடக்கும் வேலை. பெங்களூர் விரைவுச்சாலையின் சென்னை முனையும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம்தான் வருகிறது. வேலை நடக்கும் இடத்தில் மாற்றுப்பாதை இன்று இந்தப் பக்கம், நாளை அந்தப் பக்கம். திறக்காத சாலையை மேப் திறந்ததாகக் காட்டலாம். திறந்த சாலையைக் காட்டாமலும் விடலாம். ஆரஞ்சு டிரம்மும் மண்மேடும் கண்ணில் பட்டால் அதற்கே கீழ்ப்படியுங்கள்.

மழை: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் சுரங்கப்பாலங்களிலும் தாழ்வான சர்வீஸ் ரோடுகளிலும் தண்ணீர் நிற்கும். மேப் அதை நீலமாகக் காட்டாது. முன்னால் போன வண்டியின் டயர் எவ்வளவு மூழ்குகிறது என்று பார்க்காமல் இறங்க வேண்டாம்.

தப்பான சாலையில் நுழைந்துவிட்டால்

பதற்றத்தில் செய்யும் இரண்டாவது தவறுதான் பெரும்பாலும் விபத்தாகிறது. ஆகவே வரிசையாகச் செய்யுங்கள்.

1. திருப்பத்தைத் தவறவிட்டால் விட்டுவிடுங்கள். நெடுஞ்சாலையில் ரிவர்ஸ் எடுப்பதோ, நடுத்தடுப்பு இடைவெளியில் எதிர்ப்பக்கம் புகுவதோ கூடவே கூடாது. அடுத்த பெரிய சந்திப்புவரை நேராகப் போங்கள்.

2. சாலை குறுகத் தொடங்கியதுமே நில்லுங்கள். ‘இன்னும் கொஞ்சம் போனால் அகலமாகும்’ என்று போக வேண்டாம். பின்னால் வரும் தூரம் கூடக்கூட வெளியேறுவது கடினம்.

3. நான்கு பக்க விளக்கையும் போட்டு, முக்கோணத்தைப் பின்னால் வைத்து, கிளீனரைக் கீழே இறக்குங்கள். மேலே கம்பி, பக்கத்தில் சாக்கடை மூடி, பின்னால் குழந்தைகள் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

4. ஆள் இல்லாமல் ரிவர்ஸ் எடுக்காதீர்கள். தனியாக வந்திருந்தால் ஊர்க்காரர் இருவரைக் கேளுங்கள். ‘ஐயா, வண்டி உள்ளே வந்துடுச்சு, கொஞ்சம் பின்னால பார்த்துச் சொல்றீங்களா?’ என்றால் உதவ ஆள் வரும். ஒருவர் பின்னால், ஒருவர் முன்னால். பின்னால் நிற்பவர் உங்கள் கண்ணாடியில் எப்போதும் தெரிய வேண்டும். மறைந்தால் உடனே பிரேக்.

5. தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033. மற்ற அவசரத்துக்கு 112. காயம் என்றால் 108.

எச்சரிக்கை: கன்டெய்னர் மின்கம்பியைத் தொட்டுவிட்டால் கேபினை விட்டு இறங்காதீர்கள். யாரையும் வண்டி அருகே விடாதீர்கள். உள்ளே இருந்தபடியே கத்தித் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, அல்லது 112. மின்சாரம் நிறுத்தப்பட்டதாக மின்வாரிய ஆட்கள் சொல்லும்வரை உள்ளேயே இருங்கள். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக இறங்கக் கூடாது. இரண்டு காலையும் சேர்த்து, வண்டியைத் தொடாமல், தள்ளிக் குதியுங்கள். குதித்த பிறகு காலைத் தூக்காமல், பாதங்களை ஒட்டித் தேய்த்தபடி தூரமாகப் போங்கள். வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொட்டால் மின்சாரம் உங்கள் வழியாகத்தான் பாயும்.

ஆலைக்குப் போன பிறகு

‘நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்’ என்று மேப் சொல்லும் இடத்தில் பல சமயம் ஒரு நீண்ட மதில்சுவர் மட்டும் இருக்கும். அங்கேயே நிறுத்தி இறங்கிவிடாதீர்கள். சிப்காட் உள்சாலையில் பின்னால் வரும் அடுத்த டிரெய்லருக்கு நீங்கள் தடை. செக்யூரிட்டிக்குப் போன் போட்டு, ‘நான் சுவர் ஓரமா இருக்கேன், இப்ப இடதா வலதா?’ என்று கேட்டு நகருங்கள். உள்ளே விட நேரமாகும் என்றால் வெயிட்டிங் எங்கே என்றும் கேளுங்கள். சாலையோரம் இருட்டில் விளக்கணைத்து நிறுத்துவதால் பைக்கில் ஷிப்ட் முடித்து வரும் பிள்ளைகள் எத்தனையோ பேர் பின்னால் மோதியிருக்கிறார்கள். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் சாலையை விட்டு முழுதாக இறக்கி, பார்க்கிங் விளக்கு எரியவிட்டு, பின்னால் ஒளிரும் பட்டை சேறு மறைக்காமல் தெரிகிறதா என்று துடைத்துப் பாருங்கள்.

லோடு இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், சரியான கேட் முன்னால் நின்றபடி அந்த இடத்தைப் போனில் சேமித்துவிடுங்கள். கம்பெனிப் பெயர், ‘லோடு கேட்’, வந்த வழி, வெயிட்டிங் இடம், வழியில் பார்த்த ஆகத் தாழ்ந்த உயரப் போர்டின் எண், இவ்வளவையும் குறிப்பில் எழுதுங்கள். எழுத நேரமில்லை என்றால் வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவையுங்கள். உங்கள் டிரான்ஸ்போர்ட்டிலிருந்து அடுத்து வரும் ஓட்டுநருக்கு அதை அப்படியே அனுப்பலாம். கூடவே தேதியையும் போடுங்கள். இந்தத் தடத்தில் வேலை நடந்துகொண்டே இருப்பதால், பழைய குறிப்பை வைத்து வருபவர் ஒரு தடவை விசாரித்துவிட்டுத்தான் வண்டி எடுக்க வேண்டும்.